எடுக்கற மெட்டு

அத்தியாயம் 19

தாயம்மா அன்று காலை வேலைக்குக் கிளம்பியவள் மூன்று தடவை திரும்பி வந்தாள்.

முதல் தடவை மூக்குக்கண்ணாடிக்காக. இரண்டாவது தடவை, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டிய பிளாஸ்க்கை வெந்நீர் ஊற்றிக் கழுவி வைக்கச் சொல்ல. மூன்றாவது தடவைக்குக் காரணமே இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்று புருஷனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னா, அப்பனும் பொண்ணும் இவ்ளோ அடக்கமா குந்திகினு கீறீங்க?"

"நாளைக்கு ஆபரேஷன் ஆச்சே. அதான் ரெஸ்ட்டு," என்றார் வரதன்.

"நான் லீவு போட்டது நைனாவப் பாத்துக்கத்தான். நீ போம்மா, பஸ்ஸு பூடும்," என்றாள் செங்கொடி.

தாயம்மா போனாள். திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டின் கேன்டீனில் அவளுக்குச் சமையல் வேலை. அவள் தலை தெருமுனையில் மறையும் வரை செங்கொடி பால்கனியில் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, "நைனா, ரூட்டு கிளியர்," என்றாள்.

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டின் இந்த மூன்றாவது மாடி வீட்டை வாராவாரம் எட்டிப் பார்ப்பவர்களுக்கு இவர்கள் திட்டம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதற்குள் ஒரு காபி போட்டுக்கொண்டு வந்துவிடலாம்.

வரதனுக்கு ஐம்பத்தெட்டு வயது. துறைமுகத்தில், கப்பல்மேல் அடுக்கும் கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டும் வேலை. ஆனால் ஊர் அவரை அறிந்தது 'புல்புல்' வரதன் என்றுதான். புல்புல்தாரா என்பது கையளவு அகலமும் முழ நீளத்துக்குச் சற்று அதிகமும் உள்ள ஒரு மரப்பெட்டி. உள்ளே கம்பிகள். மேலே பழைய டைப்ரைட்டரில் இருப்பது போல வரிசையாகப் பொத்தான்கள். இடது கை பொத்தானை அழுத்தும், வலது கை கம்பியை மீட்டும். இந்தப் பக்கத்தில் ஒருவர் இறந்துபோனால் கானா பாட ஆள் வரும். தண்டையார்பேட்டையிலிருந்து வியாசர்பாடி வரை, அந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் முப்பது வருஷமாக வரதனின் பெட்டி ஒலித்திருக்கிறது.

அந்த இடது கைதான் இப்போது மக்கர் செய்கிறது. முழங்கையில் நரம்பு அழுந்தி, சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகின்றன. நாலு மாதம் காத்திருந்து, நாளைக்கு ஆபரேஷன் என்று தேதி கிடைத்திருக்கிறது. "கை வேலைக்கு உதவும். பொத்தான் அழுத்த உதவுமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது" என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து செங்கொடிக்குத் தூக்கம் இல்லை. அப்பாவின் வாசிப்பு எங்கேயும் தனியாகப் பதிவாகவில்லை. ஊர்க்காரர்கள் போனில் எடுத்த வீடியோக்களில் எல்லாம் அழுகையும் வேட்டுச் சத்தமும்தான் முன்னால் நிற்கின்றன. நாளைக்குக் கத்தி வைப்பதற்குள், இன்றைக்கு இந்த வீட்டில் வைத்து அதைப் பதிவு செய்துவிட வேண்டும். இவ்வளவுதான் திட்டம்.

இதற்கு முதல் தடை தாயம்மா. அந்தப் பெட்டி வாசப்படி தாண்டி உள்ளே வரக்கூடாது என்பது அவள் சட்டம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பெட்டி கீழே ரஷீதின் மெக்கானிக் ஷெட்டில்தான் குடியிருக்கிறது. "அது ஏறுற வூட்ல பொணம் வுழும்" என்பாள். அவள் மட்டும் அல்ல, அந்தக் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

பத்து மணிக்குச் செங்கொடி பெட்டியை ரெக்சின் பையோடு தூக்கிக்கொண்டு படியேறினாள். ரஷீது எடுத்துக் கொடுத்துவிட்டு வேலையாகக் காசிமேட்டுக்குப் போய்விட்டான். அவன் மனைவி சபீஹா முதல் மாடி வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். பையைப் பார்த்தாள். செங்கொடியைப் பார்த்தாள்.

"இன்னாடி, பெட்டி மேல போவுது?"

"சும்மாதான்க்கா," என்று சொல்லிவிட்டு அவள் இரண்டிரண்டு படியாக ஏறினாள். அந்த இடத்தில் நின்று நாலு வார்த்தை விளக்கியிருந்தால் இந்த அத்தியாயமே வேறு மாதிரி போயிருக்கும். அவசரத்தில் யாருக்குத் தோன்றுகிறது?

ஹாலை ஸ்டுடியோ ஆக்குவதற்குள் பதினொன்றரை ஆகிவிட்டது. செங்கொடியின் ஆபீஸ் தோழன் சாவியோ ராயபுரத்தில் சர்ச் பாட்டுகளைப் பதிவு செய்கிறவன். மைக்கும் ஹெட்போனும் அவனுடையவை. யோசனையும் அவனுடையதுதான். பீரோக் கதவைத் திறந்து வைத்தாள், தாயம்மாவின் புடவைகள் எதிரொலியைக் குடித்துவிடும் என்று. ஜன்னலைச் சாத்தித் தலையணைகளை அடுக்கினாள். சுவரில் போர்வை. பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினாள். ஃபேனை நிறுத்தினாள். கடைசியாக இரண்டு பேர் செல்போனையும் ஸ்விட்ச் ஆஃப் செய்து அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். பதிவின் நடுவில் யாராவது கூப்பிட்டுத் தொலைத்தால் என்ன செய்வது?

வரதன் பனியனோடு உட்கார்ந்து கம்பிகளை முறுக்கிச் சுருதி பார்த்தார். ஏதோ சினிமாப் பாட்டின் நாலு வரியை வாசித்தார். செங்கொடி அதை ஹெட்போனில் போட்டுக் காட்டினாள். அவர் முகம் சுருங்கியது.

"இன்னா கண்ணு இது, குடோனுக்குள்ள வெச்சிப் பூட்டுன மாரி கீது?"

"சத்தம் இல்லாம கிளீனா கீது நைனா."

"கிளீனா கீது. உசுரு இல்ல. இது பந்தல்ல குந்தி, தெருவப் பாத்து வாசிக்கற பெட்டி. காத்து வோணும் இதுக்கு. ஜன்னலத் தொற."

"லாரி சத்தம் வரும்."

"வரட்டும். லாரி இல்லாம நான் எங்க வாசிச்சேன்?"

வேர்வை வழிந்துகொண்டிருந்ததால் செங்கொடியும் அதிகம் வாதாடவில்லை. தலையணைகளை இறக்கி ஜன்னலை அகலமாகத் திறந்தாள். மத்தியானம் பன்னிரண்டேகால். தெரு சாப்பாட்டுக்கு ஒதுங்கி அமைதியாக இருந்தது.

"எடுக்கற மெட்டு வாசி நைனா," என்றாள்.

அதுதான் அவளுக்கு வேண்டியது. 'எப்போ எடுக்கறாங்க?' என்று சாவு வீட்டில் கேட்பார்களே, அந்த நேரத்துக்கான மெட்டு. பிணத்தைத் தூக்குவதற்குச் சற்று முன்னால், பாட்டெல்லாம் ஓய்ந்த பிறகு வாசிப்பது. சின்ன வயதில் அவள் அதைத் தெருக்கோடியில் இருந்துதான் கேட்டிருக்கிறாள். கிட்டத்தில் உட்கார்ந்து ஒரு தடவைகூட முழுசாகக் கேட்டதில்லை.

பதிவு ஓட ஆரம்பித்தது. வரதன் கையைப் பெட்டிமேல் வைத்தார். வைத்தபடியே இருந்தார்.

"இன்னா நைனா?"

"பேரு?"

"இன்னா பேரு?"

"யாரு பேருக்கு வாசிக்கறது?"

இரண்டாவது தடை இதுதான். செங்கொடி யோசிக்காதது. எந்த வீட்டுக்குப் போனாலும் பாடுகிறவர் முதலில் இறந்தவர் பெயரைக் கேட்பார். வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். பெட்டிக்காரரும் அதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிக் கம்பியைத் தொட்டு, அதற்கப்புறம்தான் வாசிப்பார். முப்பது வருஷத்தில் வரதன் பெயர் இல்லாமல் அந்த மெட்டை ஆரம்பித்ததே இல்லை.

"ஏதாச்சும் ஒரு பேரு சொல்லிக்கோயேன். கோதண்டம்னு வெச்சுக்கோ."

"எந்தக் கோதண்டம்? பால் பூத்து கோதண்டமா? ஐயோ, நேத்துகூட ஷோக்கா பேசிகினு இருந்தாருடி. வாணாம்."

செங்கொடிக்குச் சிரிப்பு வந்தது. வரதன் சிரிக்கவில்லை. எதிர்ச் சுவரில் போர்வைக்கு மேலே தெரிந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மாவின் படம்.

"தனபாக்கியம்," என்றார்.

செங்கொடி மூச்சை அடக்கிக்கொண்டாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் தனபாக்கியம் இறந்த அன்று வரதனின் அண்ணன் பீம்ராவ்தான் பாடினார். ஊரிலேயே பெரிய குரல் அவருக்கு. அண்ணன் பாட்டு, தம்பி பெட்டி என்றுதான் அவர்களுக்குப் பேர். அன்று எடுக்கிற நேரம் வந்தது, பெயரும் சொல்லியாயிற்று. வரதனின் கை நகரவில்லை. பெட்டிமேல் கல்லாகக் கிடந்தது. "ஊரான் வூட்டுப் பொணத்துக்கெல்லாம் வாசிச்ச. பெத்தவளுக்கு வாசிக்க மாட்டியாடா?" என்று பீம்ராவ் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டுத் தனியாகவே பாடி முடித்தார். அன்றோடு பேச்சு அறுந்தது. இப்போது அவர் வியாசர்பாடியில் ஒரு கீபோர்டுக்காரரை வைத்துக்கொண்டு பாடுகிறார். அந்தக் கீபோர்டைப் பற்றி வரதன் சொல்லும் வார்த்தையைப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

இன்றைக்குக் கை நகர்ந்தது.

மெட்டு மெதுவாகத்தான் கிளம்பியது. ஒவ்வொரு பொத்தானாகத் தேடிப் பிடித்து, நின்று நின்று வந்தது. நடுவில் ஓர் இடத்தில் மெட்டு மேலே ஏறும். அங்கே சுண்டு விரல் ஒரே பொத்தானை மூன்று முறை தொட வேண்டும். வரதன் பல்லைக் கடித்துக்கொண்டு தொட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றும் விழுந்தன. செங்கொடி ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு அழுதாள். இவ்வளவு நாளும் இதைத் தெருக்கோடியிலிருந்தே கேட்டுத் தொலைத்தோமே என்ற வருத்தம் ஒரு பக்கம், எப்படியோ பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் ஒரு பக்கம்.

கடைசிக் கம்பி அதிர்ந்து ஓய்ந்தது. அவள் பதிவை நிறுத்துவதற்குள் கதவை யாரோ தடதடவென்று இடித்தார்கள்.

திறந்தால், மாடிப்படி முழுக்க ஜனம்.

ஜன்னல் வழியாக எடுக்கற மெட்டு தெருவுக்கு இறங்கினால் என்ன நடக்குமோ அதுதான் நடந்திருந்தது. சாவு என்றால்கூட நிதானமாக வரலாம். எடுக்கப் போகிறார்கள் என்றால் கையில் இருக்கும் சோற்றைப் போட்டுவிட்டு ஓடி வர வேண்டும். முன்னால் நின்ற இரண்டாம் மாடிப் பெண்மணி செங்கொடியைக் கட்டிக்கொண்டு, "யம்மா, தாயம்மா, எங்கள வுட்டுட்டுப் போயிட்டியே!" என்று ஆரம்பித்தாள்.

"அம்மா வேலைக்குப் போயிருக்குது!"

"அப்போ உங்க நைனாவா?"

"நைனா தோ குந்திகினு கீறாரு!"

"அப்போ யாருதான்டி?" என்று அவள் ஏமாந்துபோனவளாகக் கேட்டாள். பின்னாலிருந்து ஒருவர், "ஒரு வார்த்தை சொல்லாம எடுக்கப் பாக்கறீங்க, நாங்கெல்லாம் மனுஷங்க இல்லியா?" என்று மனத்தாங்கலோடு கேட்டார். பந்தல் போடுகிறவர் கையில் கயிற்றோடு வந்திருந்தார். வரதன் எழுந்து நின்று, "யாரும் சாவலப்பா, ரெக்கார்டிங்கு, ரெக்கார்டிங்கு," என்று ஒவ்வொருவராகக் கும்பிட்டார். அதைக் கேட்டவர்கள் நம்பினார்கள். படியில் நின்றவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. மேலும் மேலும் செருப்புகள் வாசலில் கழன்றுகொண்டே இருந்தன.

அதே நேரம் திருவொற்றியூரில் தாயம்மா சாம்பாரை இறக்கிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. சபீஹா.

"யக்கா, சீக்கிரம் வாக்கா. உன் வூட்லர்ந்து எடுக்கற மெட்டு கேக்குது. காலைலயே பெட்டி மேல போச்சு, நான் என் கண்ணால பாத்தேன். அல்லா, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

தாயம்மா மகளைக் கூப்பிட்டாள். ஸ்விட்ச் ஆஃப். புருஷனைக் கூப்பிட்டாள். ஸ்விட்ச் ஆஃப்.

ஆட்டோவில் ஏறிய பிறகுதான் அவள் மனம் கணக்குப் போட்டது. பெட்டி வாசிக்கிறது என்றால் வாசிக்கிறவன் உயிரோடு இருக்கிறான். வீட்டில் இருந்தது இரண்டு பேர். அப்படியென்றால் இன்னொருத்தி. காலையில் மூன்று தடவை திரும்பி வந்தது இதற்குத்தானா? ஏன் நாலாவது தடவை போகவில்லை? கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஆட்டோ நின்று நின்று போனது. தாயம்மா அழவில்லை. அழுதால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, இருபத்தாறு வயது மகளின் பெயரை உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கீழே கூட்டம். யாரோ "வந்துட்டா, வந்துட்டா" என்று வழிவிட்டார்கள். அதுவே போதுமாக இருந்தது. மூன்று மாடியையும் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. வாசலில் செருப்புக் குவியல். அதை மிதித்துக்கொண்டே உள்ளே போனாள்.

"யம்மா!" என்று ஓடி வந்தாள் செங்கொடி.

தாயம்மா அவளைப் பார்த்தாள். தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்தாள். அப்புறம் பளாரென்று ஓர் அறை விட்டாள். விட்ட கையோடு இழுத்து அணைத்துக்கொண்டு, இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த அழுகையை எல்லாம் மகள் தோளில் கொட்டித் தீர்த்தாள்.

விஷயம் புரிந்ததும் கூட்டம் சிரித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் கலைய ஆரம்பித்தது. தாயம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனிடம் திரும்பினாள்.

"நாளைக்குக் கைல கத்தி வெக்கப் போறாங்க. இன்னிக்கு வூட்டுக்குள்ள இத்த வெச்சி வாசிக்கறியே, உனக்கு அறிவு கீதாயா? எனக்கு உசுரு போய்ட்டு வந்துச்சுயா!"

வரதன் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் படியில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. மிச்சம் இருந்தவர்கள் தாமாகவே ஒதுங்கினார்கள்.

வாசலில் பீம்ராவ் நின்றார். வேர்வையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கையில் பெரிய ரோஜா மாலை. வியாசர்பாடிக்குப் போய்ச் சேர்ந்த சேதி 'வரதன் வூட்ல சாவு' என்பது மட்டும்தான். தம்பிக்கு ஆபரேஷன் என்று அவர் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். அதனால் இறந்தது யார் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் வரதனைப் பார்த்தார். வரதன் அவரைப் பார்த்தார்.

"டேய்," என்றார் பீம்ராவ். "நீ கீறியா?"

"கீறேண்ணா."

பீம்ராவ் மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். சாவுக்கு வாங்கிய மாலை. உயிரோடு இருக்கிறவன் வீட்டுக்குள் அதைக் கொண்டுவரக் கூடாது. திரும்பத் தன் வீட்டுக்கும் எடுத்துப் போகக் கூடாது. பக்கத்தில் நின்ற ஒருவர் நடந்ததைச் சொன்னார். பீம்ராவ் வாசப்படிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு கோபமாகக் கேட்டார்:

"யாரு பேருக்குடா வாசிச்ச?"

வரதன் சுவரில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா பேருக்கு."

பீம்ராவ் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அறுபத்திரண்டு வயது மனிதர், மாலையை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி மூக்கை உறிஞ்சினார். "அன்னிக்கு நாலு பேர் முன்னாடி நான் அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாதுடா," என்றார். பதினோரு வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்த வார்த்தை. இவ்வளவு சின்னதாக இருந்தது.

"கேட்டதுல தப்பில்லண்ணா. கை ஓடல. அது பெத்தவளாச்சேண்ணா," என்றார் வரதன்.

தாயம்மாதான் எழுந்தாள். கோபம் இன்னும் முழுசாகத் தணியவில்லை, நடையில் தெரிந்தது. நேராகப் போய் மைத்துனர் மடியிலிருந்து மாலையை எடுத்தாள். போர்வையை இழுத்து எறிந்துவிட்டு, தனபாக்கியத்தின் படத்துக்கு அதைப் போட்டாள்.

"இது போவ வேண்டிய இடம் இதான். உள்ள வாங்க மாமா. வாசல்ல குந்திகினு இன்னாத்துக்கு அழறீங்க?"

பீம்ராவ் உள்ளே வந்தார். பதிவைக் கேட்க வேண்டும் என்றார். செங்கொடி அவர் காதில் ஹெட்போனை மாட்டி விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டாவது நிமிஷத்தில் வாய் தானாகப் பாட ஆரம்பித்தது. காது அடைத்திருந்ததால் தன் குரல் எவ்வளவு பெரிதாக வருகிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. அந்த நாலு சுவரும் அதிர்ந்தன. கீழே இறங்கிப் போனவர்கள் படியிலேயே நின்றுவிட்டார்கள்.

அவர் முடித்ததும் தாயம்மா எழுந்து போய், யாரோ மறுபடி மாட்டியிருந்த பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினாள்.

"இன்னாம்மா பண்ற?"

"பெட்டிதான் ஏறிடுச்சே. இனிமே இன்னா? பாட்டோட ஒரு தபா எடு. எங்க அத்தைக்கு அண்ணன் பாட்டும் தம்பி பெட்டியும் சேந்துதான் இருக்கணும்."

ஜன்னலுக்கு வெளியே, "ரெக்கார்டிங்குதான்! யாரும் சாவல! எல்லாம் உங்க வேலையப் பாருங்க!" என்று சபீஹா ஒரு குரல் கொடுத்துவிட்டு வந்து நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

இரண்டாவது பதிவு. செங்கொடி ஹெட்போனை மாட்டினாள். "பேரு?" என்று பீம்ராவ் கேட்டார். "தனபாக்கியம்," என்றார் வரதன். அண்ணன் பாடினார், தம்பி வாசித்தார். ஒருவர் மூச்சு விடும் இடம் இன்னொருவருக்கு இன்னும் தெரிந்திருந்தது.

மெட்டு ஏறும் இடம் வந்தது. சுண்டு விரல் பொத்தானைத் தொட்டது. ஒன்று. இரண்டு.

மூன்றாவது விழவில்லை.

விரல் பொத்தான்மேல்தான் கிடந்தது, அழுத்தவில்லை. வரதனின் முகம் வெளுத்தது. அந்த நொடியில் பீம்ராவ் கண்ணைத் திறக்காமலே, நிறுத்த வேண்டிய சொல்லை நிறுத்தாமல் இழுத்தார். விழாத மூன்றாவது அடி இருக்க வேண்டிய இடம் முழுக்க அவர் குரல் நிறைந்தது. வரதன் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த பொத்தானுக்குப் போய்ச் சேர்ந்தார். தாயம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. சபீஹாவுக்கும் தெரியவில்லை. ஹெட்போன் போட்டிருந்த செங்கொடிக்கு மட்டும் விழாத அடியின் இடைவெளியும் அதை மூடிய குரலும் தனித்தனியாகக் கேட்டன.

முடிந்ததும் பீம்ராவ், "சோக்கா வாசிச்ச," என்று மட்டும் சொன்னார்.

டீ வந்தது. கீபோர்டுக்காரரைப் பற்றி வரதன் ஏதோ சொல்ல, பீம்ராவ் டீ புரையேறச் சிரித்தார். செங்கொடி அரிசி டப்பாவிடம் போய்த் தன் போனை எடுத்து உயிர் கொடுத்தாள். மணி நாலு இருபது.

அம்மாவிடமிருந்து பதினெட்டு அழைப்புகள். அது தெரிந்ததுதான். அதற்குக் கீழே ஆஸ்பத்திரி வார்டு நம்பரிலிருந்து ஏழு அழைப்புகள். கூடவே ஒரு மெசேஜ்.

'பேஷன்ட் வரதன் நாளை முதல் கேஸ். இன்று மாலை 5 மணிக்குள் வார்டில் சேர வேண்டும். வரவில்லை என்றால் பெட் அடுத்தவருக்குக் கொடுக்கப்படும்.'

காலையில் வந்தால் போதும் என்றுதான் முன்னால் சொல்லியிருந்தார்கள். இதை விட்டால் மறுபடி நாலு மாதம். மூன்றாவது அடி விழாத விரல் அதுவரை தாங்குமா? என்னால்தான், நான் போனை அணைத்ததால்தான் என்று செங்கொடி நினைத்தாள். நினைத்துக்கொண்டு நிற்க நேரம் இல்லை.

"நைனா, எழுந்திரு. செருப்பு போடு. அஞ்சுக்குள்ள ஆஸ்பத்திரில இருக்கணும்."

மகள் முகத்தைப் பார்த்தவுடனே தாயம்மா பிளாஸ்க்கையும் பையையும் எடுத்துவிட்டாள். சபீஹா ஆட்டோ பிடிக்கப் படியில் ஓடினாள். வரதன் வாசலுக்கு வந்தார். நின்றார்.

அவருடைய செருப்பைக் காணவில்லை. மூன்று மாடி ஜனமும் வந்து போன அவசரத்தில் யாரோ மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். குனிந்து தேடினார். இரண்டு விரல் மரத்துப் போன கையால் ஓரத்தில் கிடந்த ஒன்றிரண்டைத் தள்ளிப் பார்த்தார். மணி நாலு இருபத்தைந்து.

"இன்னாத்தடா தேடிகினு கீற?" பீம்ராவ் தன் செருப்பைக் காலால் தம்பி முன்னால் தள்ளினார். "என்னுத போடு."

"உனக்கு?"

"தாரோடு என்னா என்னைத் தின்னுடுமா? போடுடா, டைம் ஆவுது."

வரதன் காலை நுழைத்தார். சின்ன வயதிலிருந்து அவர்களுக்கு ஒரே அளவுதான். கீழே ஆட்டோ ஹாரன் அடித்தது. தெருமுனையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெறுங்காலோடு, பீம்ராவ்தான் முதல் ஆளாகப் படியிறங்கினார்.